ஓஹியவிலிருந்து பம்பரகந்தைக்கு நடந்து இறங்க விரும்புவோருக்கு

கொழும்பில் வேலை செய்யும் ஐந்து நண்பர்கள் டிசம்பர் விடுமுறையில் ஓஹியவில் ரயிலை விட்டு இறங்கி, உடவேரியத் தோட்டத்தின் வழியாக நடந்து, பம்பரகந்தை அருவியை ஒட்டிய காட்டுக்குள் இருக்கும் லங்கா எல்ல அருவியின் கரையில் ஓரிரவு கூடாரம் அடித்துத் தங்கி, மறுநாள் கலுபஹனவுக்கு இறங்க எண்ணியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்களில் இருவர் இதுவரை மலைப்பாதையில் நடந்ததில்லை என்றும் சொல்லியிருக்கிறீர்கள். என்ன ஆயத்தம் வேண்டும், கைத்தொலைபேசி வரைபடத்தை நம்பி வழிகாட்டி இல்லாமல் போகலாமா என்பன உங்கள் கேள்விகள். நான் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவன். அந்தச் சரிவில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்து வருகிறேன். தேர்ந்தெடுத்த வழி அருமையான வழி. ஆனால் மாதத்தை மாற்ற வேண்டும், கூடாரத்தை அருவிக்கரையிலிருந்து அகற்ற வேண்டும், வழிகாட்டி கட்டாயம் வேண்டும். இந்த மூன்றுக்கும் காரணங்களை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மாதம். மலைநாட்டுக்கென்று ஒரே மழைக்காலம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று அட்டன், நுவரெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வரும் வடகீழ்ப் பருவக்காற்று, ஓஹியவும் அப்புத்தளையும் இருக்கும் ஊவாப் பக்கத்தை நனைக்கிறது. இவை இரண்டுக்கும் இடைப்பட்ட மார்ச்-ஏப்ரலிலும் ஒக்டோபர்-நவம்பரிலும் காலையில் பளிச்சென்று வெயிலடித்து, பிற்பகலில் இடியுடன் கொட்டித் தீர்க்கும். பட்டிப்பொலைக்கும் ஓஹியவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தின் ஒரு வாசலில் மழையும் மறுவாசலில் வெயிலும் இருப்பதை ரயிலில் போகிறவர்கள் அடிக்கடி பார்த்திருப்பார்கள். மேற்குச் சரிவும் ஊவாச் சரிவும் பிரியும் முகடு அதுதான். ஆகவே நுவரெலியாவின் வானிலையைக் கேட்டுவிட்டு ஓஹியவுக்கு அப்பால் நடக்கப் புறப்படுவது பயன் தராது.

பம்பரகந்தை இந்த மலைநாடு தெற்கே சட்டென்று முறிந்து விழும் விளிம்பில் இருக்கிறது. 263 மீற்றர் உயரம். இலங்கையின் மிக உயர்ந்த நீர்வீழ்ச்சி. வளவை கங்கையில் சேரும் குடா ஓயா என்னும் சிற்றாறுதான் அதற்கு நீர் தருகிறது. ஆறு சிறியது என்பதால், நல்ல வறட்சியில் போனால் அந்த உயரத்துக்குப் பொருந்தாத மெல்லிய நூலாக நீர் இறங்குவதைத்தான் காண்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு அதே இடத்தில் பாறையே தெரியாது. நீங்கள் டிசம்பரைத் தேர்ந்தெடுத்தது இதனால்தான் என்று நினைக்கிறேன், அதைத் தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் அருவி நிறைந்து விழும் நாட்களில் அதைச் சுற்றியுள்ள மண்ணும் நிறைந்துதான் இருக்கும்.

இதே மலைவிளிம்பின் கிழக்குப் பக்கத்தில், கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியதை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த மழை மலையகம் முழுவதும் மண்சரிவுகளை உண்டாக்கி, வீடுகளையும் வீதிகளையும் மலையக ரயில் பாதையின் பல பகுதிகளையும் கொண்டுபோனது. அப்படி அசைந்த சரிவுகள் அடுத்த பெருமழையில் மறுபடியும் அசையக்கூடும். ஜனவரி கடைசி வாரத்துக்கும் மார்ச் நடுப்பகுதிக்கும் இடையில் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். முன்பெய்த மழையின் நீர் அப்போதும் ஓயாவில் இருக்கும், புதிய மழை பெரும்பாலும் குறைந்திருக்கும். என்னைக் கேட்டால் பெப்ரவரி. ஒரேயொரு சிரமம், அது சிவனொளிபாத மலைப் பருவம். வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் மலையகம் செல்லும் ரயிலிலும் பஸ்ஸிலும் இடம் கிடைப்பது கடினம். வார நாளில் விடுமுறை எடுக்க முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் ஓஹிய வரை ஓடுகிறதா என்பதை இருக்கை பதிவதற்கு முன்பே நிலையத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

புறப்படுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில், பிரதேச செயலகப் பிரிவு வாரியாக அது வெளிவரும். நீங்கள் தேட வேண்டிய பெயர் ஹல்துமுல்ல. அங்கே மஞ்சள் இருந்தாலே பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தோட்டத்தில் வாழ்பவர்களுக்கு மஞ்சள் என்றால் விழிப்பாக இருங்கள் என்று பொருள். அவர்கள் அங்கே இருந்தாக வேண்டியவர்கள். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இனி ஆற்றைப் பற்றி. இதைத்தான் நான் மிக அதிகமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் காட்டருவிகளில் உயிர் போவது பெரும்பாலும் தண்ணீரால்தான். சிறுத்தையாலோ பாம்பாலோ அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஏப்ரல் மாதம், நாங்கள் நான்கு பேர் இதே சரிவில் பெயரில்லாத ஒரு சிற்றோடையைக் காலை எட்டு மணிக்குக் கடந்தோம். தண்ணீர் கணுக்காலுக்குச் சற்று மேலே இருந்தது. பாதணியைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுதான். மேலே அருவியைப் பார்த்துவிட்டு இரண்டரை மணிக்குத் திரும்பி அதே இடத்துக்கு வந்தோம். எங்கள் தலைக்கு மேலே வெயில். ஓடை மட்டும் சாயம் கூடிய தேநீரின் நிறத்தில் இருந்தது. நான் கரையில் ஒரு குச்சியை நட்டுவிட்டு, மற்றவர்கள் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் திரும்பிப் பார்த்தேன்; குச்சியைக் காணவில்லை. அடுத்த கால் மணி நேரத்தில் அந்த இடத்தில் இடுப்பளவு நீர் ஓடியது. அதன் இரைச்சலுக்கு அடியில் கற்கள் ஒன்றோடொன்று மோதி உருளும் மந்தமான சத்தமும் கேட்டது. நாங்கள் கடக்கவில்லை. மேட்டில் ஒரு பாறையின் மறைவில் படங்கைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்து, இரவு ஒன்பது மணிக்கு மேல் நீர் வடிந்த பிறகே இறங்கினோம். மழை பெய்தது எங்களுக்கு மேலே, முகட்டுக்கு அந்தப் பக்கம். நாங்கள் நின்ற இடத்தில் ஒரு துளியும் விழவில்லை.

உச்சிப்பொழுதில் ஆற்றுப்பக்கம் போகாதே, முனி நிற்கும் என்று என் அப்பாயி சொல்லிச் சொல்லி வளர்த்தார். முனியைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல வரவில்லை. ஆனால் உச்சிக்குப் பிறகு மலையில் மேகம் திரள்கிறது என்பதையும் அந்நேரம் ஆற்றில் இருக்கக்கூடாது என்பதையும் அன்றைக்கு நேரில் கண்டேன்.

ஆகவே சில பழக்கங்களைக் கைக்கொள்ளுங்கள். ஓடைக்கரையில் உட்காரும்போதெல்லாம் நீர் தொடும் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு, அல்லது ஒரு கல்லை வைத்து, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நீர் கலங்கினாலும், பச்சை இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், அருவியின் ஓசை கனத்தாலும், காரணத்தைத் தேடிக்கொண்டிராமல் மேட்டுக்கு ஏறுங்கள். முழங்காலுக்கு மேல் இழுத்து ஓடும் நீரைக் கடக்காதீர்கள். கடக்க வேண்டியிருந்தால் முதுகுப்பையின் இடுப்புப் பட்டியை அவிழ்த்துவிட்டு, தடியை ஊன்றி, நீர் வரும் திசையை நோக்கி நின்றபடி பக்கவாட்டில் அடியெடுத்து வையுங்கள். விழுந்தால் பையை உதற முடிய வேண்டும். அருவி விழும் தடாகத்தின் நடுவுக்கு நீந்திப் போக வேண்டாம். விழும் நீர் அடியில் சுழன்று ஆளைக் கீழே பிடித்து வைக்கும், அதன் குளிரில் நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் மூச்சு அடைக்கும். அருவியின் உச்சிப் பாறையில் நின்று படம் எடுப்பதைப் பற்றி நான் தனியாக எழுதத் தேவையில்லை என்று நம்புகிறேன். பாசி படிந்த பாறை உலர்ந்தது போலத் தெரிந்தாலும் உலர்ந்திருக்காது.

உங்கள் கேள்வியின் இறுதியில், இந்தப் பயணம் சரிவராவிட்டால் தலவாக்கலைப் பக்கம் போய் சென்கிளேயர் அருவியின் அடிவாரத்துக்கு இறங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அதற்கு மேலே, தலவாக்கலையில், 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை இருக்கிறது. மழை கடுமையாகும்போது அதன் வான்கதவுகள் திறக்கப்படும். கொத்மலை ஓயாவில் வெற்றுப் பாறையாக இருந்த இடத்தில் சற்று நேரத்தில் பெருவெள்ளம் ஓடும். அந்த அருவியை வீதியோரத்துப் பார்வையிடத்திலிருந்து பார்ப்பதே முறை.

அடுத்து, இரவுத் தங்கல். கரையில் கூடாரம் அடிக்கக்கூடாது என்பதற்கு மேலே சொன்ன ஓடையே போதுமான காரணம். இரவில் குச்சியைப் பார்த்துக்கொண்டிருக்க உங்களால் முடியாது. வேறு காரணங்களும் உண்டு. பம்பரகந்தையைச் சுற்றியிருப்பது பெரும்பாலும் பைன் காடு. உதிர்ந்த பைன் ஊசிகள் வறண்ட மாதங்களில் மெத்தைபோலக் குவிந்து கிடக்கும். ஒரு தீப்பொறியில் மலைச்சரிவு முழுவதும் பற்றிக்கொள்ளும். ஹல்துமுல்லைப் பக்கத்தில் வறட்சிக் காலந்தோறும் காட்டுத்தீ செய்தி வருவது உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். மேலும், வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் காட்டில் அனுமதியின்றி இரவு தங்குவது குற்றம்.

எனவே பயணத்தை இப்படி மாற்றி அமையுங்கள். முதல் நாள் ரயிலில் வந்து ஓஹியவிலோ அப்புத்தளையிலோ தங்குங்கள். பகல் ரயிலில் வந்து இறங்கியதும் நடக்கத் தொடங்கினால் தோட்டத்தைத் தாண்டுவதற்குள் இருட்டிவிடும். மலை மறைப்பதால் காட்டுக்குள் ஐந்தரை மணிக்கே பாதை தெரியாது. இரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு, உடவேரிய வழியாகப் பிசாசுப் படிக்கட்டு என்று பெயர்பெற்ற அந்த வளைவுகளில் இறங்கி, பிற்பகலுக்குள் பம்பரகந்தைக்கு வந்துவிடுங்கள். அருவிக்கு அருகே வீடுகளோடு சேர்ந்த சிறு தங்குமிடங்கள் இருக்கின்றன, அங்கே படுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் விடிந்ததும் லங்கா எல்லவுக்குக் காட்டுவழியில் நடந்து, காலை வெயிலில் அருவியைப் பார்த்துவிட்டு, நண்பகலுக்கு முன் திரும்பிவிடுங்கள். அங்கிருந்து கலுபஹனச் சந்திக்கு ஏறக்குறைய ஐந்து கிலோமீற்றர்தான். சந்தியில் கொழும்பு - பதுளை வீதி, பஸ் கிடைக்கும். இவ்வாறு செய்தால் கூடாரத்தின் பாரமும் இல்லை, ஆற்றில் கால் வைக்கும் ஒவ்வொரு தருணமும் காலை நேரமாக இருக்கும். ஓஹிய நிலையம் 1700 மீற்றருக்கு மேல் இருப்பதால் பெப்ரவரி இரவில் கடும் குளிர். முதல் நாள் இரவுக்கு மட்டும் கம்பளி உடை எடுத்துக்கொள்ளுங்கள்.

மலையேறிப் பழகாத இருவரைப் பற்றி. முழுக்க இறக்கம்தானே என்று அவர்கள் நினைக்கக்கூடும். நாள் முழுவதும் இறங்குவது ஏறுவதை விட முழங்காலுக்குக் கடினம். கால்விரல் நகம் பாதணியில் இடித்துக் கறுத்துப்போகும். நகத்தை ஒட்ட வெட்டி, கணுக்காலைப் பிடிக்கும் பழகிய பாதணியை அணியச் சொல்லுங்கள். அவர்கள் இருவரும் வரிசையில் இரண்டாவதாகவும் மூன்றாவதாகவும் நடக்கட்டும். வேகத்தை அவர்கள் தீர்மானிக்கட்டும்.

வழிகாட்டி ஏன் வேண்டும்? தோட்டத்துப் பாதைகள் கொழுந்து எடுப்பவர்களின் கால்களால் உண்டானவை. ஒரு மலையில், அதாவது ஒரு தேயிலைப் பகுதியில், வேலை நின்றுவிட்டால் இரண்டு மழைக்காலத்தில் பாதை மறைந்து, தேயிலை காடேறி, மானாப்புல் தலைக்கு மேல் வளர்ந்துவிடும். வரைபடத்தில் மட்டும் கோடு அப்படியே இருக்கும். சிக்னலும் பள்ளத்தாக்கில் இராது. தோட்டத்தில் ஒவ்வொரு மலைக்கும் நம்பர் உண்டு. எந்த நம்பர் மலைக்கு மேலே ஊற்று இருக்கிறது, எந்த ஓடையில் பாலம் போய்விட்டது, நேற்று எந்தப் பக்கம் சிறுத்தையின் அடித்தடம் கண்டார்கள் என்பதெல்லாம் அங்கே தினமும் பேசப்படும் செய்திகள். ஓஹியவில் இறங்கும் அன்று மாலையே உடவேரியப் பக்கத்தில் விசாரித்து, வழி தெரிந்த ஒருவரை நாட்கூலி பேசி அழைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாளுக்குப் பம்பரகந்தையில் வேறொருவர் கிடைப்பார். கூலியை முன்கூட்டியே பேசுங்கள், அவருடைய சாப்பாடும் திரும்பிப் போகும் வண்டிச் செலவும் உங்களுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு உங்களோடு வருகிறவருக்கு அந்த நாட்பேரை (தோட்டத்து ஒரு நாள் கூலியை) விடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுப்பதே நியாயம். தோட்டத்து வழியில் நடக்கத் தோட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வழிகாட்டியை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணம் குளவி. மலையகத்தில் வேலைத்தளத்தில் குளவி கொட்டித் தொழிலாளர்கள் வைத்தியசாலைக்குப் போவதும் சிலர் இறந்துபோவதும் ஆண்டுதோறும் நடக்கும் துயரம். ஊரார் குளவி என்று சொல்வதில் மலைத்தேனீயும் அடங்கும். சிங்களத்தில் அதற்குப் பெயர் பம்பரா. உயர்ந்த மரங்களிலும், அருவியை ஒட்டிய செங்குத்துப் பாறைகளிலும் ஆள் மார்பளவு அகலத்துக்குக் கறுத்த அடை தொங்கும். கூடு எங்கே என்பது வழிகாட்டிக்குத் தெரியும், அவர் சுற்றிப் போகச் சொன்னால் சுற்றிப் போங்கள். அன்றைக்கு வாசனைத் திரவியம் பூசாதீர்கள், புகை போடாதீர்கள், பாறை அருகே டிரோன் பறக்கவிடாதீர்கள். கலைந்துவிட்டால் கையை வீசாமல், முகத்தையும் கழுத்தையும் துணியால் மூடிக்கொண்டு, நின்று பார்க்காமல் வந்த வழியே ஓடுங்கள். தண்ணீரில் குதிக்காதீர்கள்; அவை மேலே காத்திருக்கும். பல இடங்களில் கொட்டியிருந்தாலும், ஒரே கொட்டில் முகம் வீங்கி மூச்சு முட்டினாலும் உடனடியாக வைத்தியசாலை. உங்களில் யாருக்காவது இத்தகைய ஒவ்வாமை இருப்பது தெரிந்திருந்தால், அவர் வைத்தியரைக் கேட்டு மருந்தைக் கையோடு கொண்டுவர வேண்டும்.

பாம்பு பற்றிய கவலைக்கு ஒரு குறிப்பு. அங்கே அதிகம் மிதிபடக்கூடியது சருகோடு சருகாகக் கிடக்கும், மூக்கு நிமிர்ந்த சிறு விரியன். சிங்களத்தில் குணகட்டுவா என்பார்கள். இலங்கையில் வழக்கமாகப் பயன்படும் விஷமுறிவு மருந்து இதன் கடிக்கு ஏற்றதல்ல, சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படும். ஆகவே சின்னப் பாம்புதானே என்று விட்டுவிடாமல், கட்டுப் போடாமல், கீறாமல், காலை அசைக்காமல் ஆளைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். முழுக்காற்சட்டையும் கணுக்கால் மூடிய பாதணியும் கையில் தடியும் இருந்தால் பெரும்பாலும் இந்த நிலை வராது. அட்டைக்குச் சவர்க்காரத்தைக் காலுறைமேல் ஈரமாகத் தேய்த்துக்கொண்டால் போதும். கடித்தால் பிடுங்காமல் நகத்தால் ஓரத்தை நெம்பிவிடுங்கள்.

உணவுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டச் சம்பலும் நாள் முழுவதும் கெடாது, கனமும் இல்லை. ஓடைநீரைப் பார்த்தால் தெளிவாக இருக்கும். ஆனால் அதற்கு மேலே தேயிலை மலை இருந்தால் களைகொல்லியும் உரமும் அதில் கலந்திருக்கும், அவற்றைக் கொதிக்கவைத்தும் நீக்க முடியாது. புறப்படும் இடத்திலேயே ஆளுக்கு இரண்டு லீற்றர் நிரப்பிக்கொள்ளுங்கள். தலைவிளக்கு, விசில், படங்கு, துணிக்கட்டு, ஒரு நீண்ட கயிறு ஆகியவற்றை ஐந்து பேருக்கும் பிரித்துக் கொடுங்கள். போத்தலும் பொலித்தீனும் திரும்பி உங்களோடு வரட்டும். அருவிக்குக் கீழே இருப்பவர்கள் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று, இதைப் புறப்படுவதற்கு முந்திய இரவே ஐவரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும். லங்கா எல்லவை நோக்கி நடக்கும் நாளில் எந்த நேரத்தில், எங்கே நின்றாலும், திரும்புவது? பத்தரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். அருவியின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில் நிற்கும்போது இந்தக் கேள்வியை எழுப்பினால் யாரும் திரும்ப மாட்டார்கள். இன்னும் பத்தே நிமிடம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், எனக்கும் அப்படித் தோன்றியிருக்கிறது. ஐவரில் எவர் ஒருவர் திரும்புவோம் என்று சொன்னாலும் காரணம் கேட்காமல் திரும்புவது என்றும் ஒப்புக்கொள்ளுங்கள். நடக்கும் வழி, வழிகாட்டியின் பெயர், அவருடைய தொலைபேசி இலக்கம், நீங்கள் கலுபஹனவில் இருக்க வேண்டிய நேரம் ஆகியவற்றைக் கொழும்பில் பொறுப்பான ஒருவரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்துக்கு மேல் மூன்று மணி நேரம் தகவல் இல்லையென்றால் அவர் 119க்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கும் அழைக்கட்டும். காயமோ கடியோ என்றால் சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்ததும் நீங்களே 1990 அம்புலன்ஸை அழைத்து, கலுபஹனச் சந்திக்கு வரச் சொல்லுங்கள். காட்டு வழியை விளக்குவதை விட அது விரைவு. ஒன்றும் நேராமல் சந்திக்கு வந்து சேர்ந்தீர்கள் என்றால், தேநீர்க் கடையில் உட்காருவதற்கு முன் கொழும்பில் காத்திருப்பவருக்கு ஓர் அழைப்பு எடுத்துவிடுங்கள்.